சின்ன வயதில் தெரிந்துகொண்ட போக்கிமான் பெயர்கள் இன்னும் மறக்காதது ஏன்?

யாரும் அதைப் பாடமாகப் படிக்கவில்லையே, அதுதான் முக்கியக் காரணம். போக்கிமான் என்பது கற்பனை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, சண்டையிட வைக்கும் வீடியோ கேம்; 1996-இல் ஜப்பானில் வந்த முதல் விளையாட்டில் 151 உயிரினங்கள். சார்மாண்டர் வளர்ந்தால் சார்மீலியன், அப்புறம் சாரிசார்ட். நெருப்பு வகை என்பதால் தண்ணீர் வகையிடம் தடுமாறும். இது தெரியாவிட்டால் சண்டையில் அடி வாங்க வேண்டியதுதான். ஆக ஒவ்வொரு பெயரும் உருவம், வகை, பலவீனம் என எல்லாவற்றோடும் பின்னிக்கொண்டே மனதில் ஏறியது. வரலாற்றுத் தேதிகளுக்கு அந்த வசதி ஏது!

2019-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், சிறுவயதில் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் இதையே கதியென்று விளையாடியவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். போக்கிமான் படங்களைக் காட்டியபோது, பார்வை சார்ந்த ஒரு பகுதி விளையாடாதவர்களைவிட இவர்களிடம் அதிகமாகத் தூண்டப்பட்டது. எல்லோரும் அந்தக் குட்டித் திரையை நேராக உற்றுப் பார்த்தே விளையாடியதால், மூளையில் பதிந்த இடமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. இப்போது போக்கிமான்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது; வளர்ந்தபின் தொடங்குபவர்கள் திணறுவதில் ஆச்சரியமில்லை.