பின் டயரை அகலமாக்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது பல்சர் 150, பின்னால் டிரம் பிரேக் உள்ள மாடல். கம்பெனி போட்டுத் தந்த பின் டயர் 100/90-17. அது தேய்ந்துவிட்டது. கடைக்காரர் 130/70-17 போடச் சொல்கிறார். வண்டி பார்க்கக் கெத்தாக இருக்கும், மழையில் வழுக்காது, பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்கிறார். என் நண்பன் 120/80 போதும் என்கிறான். யார் சொல்வது சரி?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: கெத்தாக இருக்கும் என்பது வரைக்கும் கடைக்காரர் சொல்வது சரி. மற்ற இரண்டையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

100/90-17 என்றால் டயரின் அகலம் 100 மி.மீ., ரிம்மின் விட்டம் 17 அங்குலம்; நடு எண்ணைப் பிறகு பார்ப்போம். டயர் வாங்கப் போகும்போது எல்லோரும் டயரைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ரிம்மை. சக்கரத்தைத் துடைத்துவிட்டுத் தேடினால் எம்டி 2.15, எம்டி 2.50 என்பது போல ஓர் எண் வார்த்திருக்கும். அது ரிம்மின் உள் அகலம், அங்குலக் கணக்கில். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை முதல் இத்தனை அங்குல ரிம் வரை போடலாம் என்று டயர் கம்பெனிகளே பட்டியல் வைத்திருக்கின்றன. 100/90 அளவை 2.50 ரிம்முக்கென்றே கணக்கிடுகிறார்கள். 130/70க்கு 3.50 அங்குல ரிம்தான் பொருத்தம்; 3 அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் ரிம்மில் அந்த அகலம் கிடையாது.

பரவாயில்லை என்று மாட்டினால் என்ன ஆகும்? காற்று நிற்கும், வண்டியும் ஓடும். ஆனால் டயரின் இரண்டு ஓரங்களையும் ரிம் உள்ளே இழுத்துப் பிடிப்பதால் நடுப்பகுதி கூம்பிக்கொண்டு மேலே வரும். நேராக ஓடும்போது ரோட்டைத் தொடுவது அந்த நடுக்கோடு மட்டும்தான். அகலத்துக்குக் கொடுத்த காசில் பாதி ரப்பர் தரையையே தொடாமல் பக்கவாட்டில் சும்மா இருக்கும். நடு மட்டும் சீக்கிரம் தேயும். வளைவில் சாய்க்கும்போது வண்டி முதலில் மறுத்து, பிறகு சட்டென்று விழுவது போல ஓர் உணர்வு வரும். அதைப் பழகிக்கொள்ளலாம் என்பார்கள். காசு கொடுத்து வாங்கிய ஒன்றுக்கு நாம் ஏன் பழக வேண்டும்?

பிரேக் விஷயத்துக்கு வருவோம். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது முன் சக்கரம். பின் டயரை எவ்வளவு அகலமாக்கினாலும் அந்தக் கணக்கு மாறாது. இருக்கிற பணத்தில் ஒரு பங்கை முன் டயருக்கு ஒதுக்குங்கள். பின் டயரை இரண்டு முறை மாற்றிவிட்டு, முன்னால் வழவழவென்று தேய்ந்த கம்பெனி டயரோடே ஓட்டுபவர்கள் ஏராளம்.

மழையில் வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றுதான்: பட்டன் (டயர் மேல் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டிகள்) தேய்ந்திருக்கும், ரப்பர் வயதாகி இறுகியிருக்கும், அல்லது காற்று சரியாக இருக்காது. இரு சக்கர வாகனத்துக்கு டயர் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அது சட்டத்தின் கடைசி எல்லை. ஈர ரோட்டை நினைத்தால் 2 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது. உங்கள் வண்டி இப்போது வழுக்குகிறது என்றால் அது பழைய டயரின் குற்றம், 100 என்ற எண்ணின் குற்றமல்ல. அதே 100/90-17 அளவில் நல்ல கிரிப் உள்ள, கொஞ்சம் விலை கூடிய டயரைப் புதிதாகப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

உங்கள் நண்பர் சொல்லும் 120/80-17க்கு ஓர் ஆதாரம் உண்டு. பல்சர் 150இன் ட்வின் டிஸ்க் (இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்) மாடலில் கம்பெனியே அதைத்தான் போட்டது. அதனால்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்த மாடலில் மாறியது டயர் மட்டுமல்ல. வீல்பேஸே (இரு சக்கர மையங்களுக்கு இடையிலுள்ள தூரம்) 1320 மி.மீ.யிலிருந்து 1345 ஆனது. முன் ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) முன் டயரும் பெரிதாயின. பெயர் ஒன்று என்பதற்காக அளவும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உயரத்தையும் பாருங்கள். அளவில் நடுவில் வரும் எண், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அப்படிக் கணக்கிட்டால் 100/90-17 டயரின் விட்டம் ஏறத்தாழ 612 மி.மீ. 120/80 என்றால் 624. 110/90 என்றால் 630. 110/80 என்றால் 608. விட்டம் கூடினால் பிக்அப் மந்தமாகும். மெயின் ஸ்டாண்டு போட்டாலும் சக்கரம் தரையில் உரசக்கூடும். செயினுக்கு எண்ணெய் விடும்போதுதான் அந்தத் தொல்லை புரியும். எடையும் கூடுவதால் மைலேஜும் கொஞ்சம் இறங்கும்.

மனம் கேட்கவே இல்லை, ஒரு படியாவது ஏற வேண்டும் என்றால் 110/80-17. விட்டம் கிட்டத்தட்ட அதேதான். ரிம் 2.50 என்றால் தயங்க வேண்டாம்; 2.15 என்றால் அந்த டயர் கம்பெனியின் பட்டியலில் அந்த அகலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு செயின், டிரம்மைப் பிடித்திருக்கும் கம்பி, மட்கார்டு மூன்றும் டயரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். இரண்டு பேரைப் பின்னால் உட்காரவைத்து ஷாக் அமுங்கிய நிலையில் பாருங்கள். இன்னொன்றை மெக்கானிக்குகளே மறந்துவிடுவார்கள். பழைய செயின் நீண்டிருந்தால் சக்கரம் பின்னால் தள்ளி நிற்கும். நாளைக்குப் புதுச் செயின் போடும்போது சக்கரம் முன்னால் வரும். இன்று உரசாத டயர் அன்று ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சட்டம்) உரசலாம்.

என் முடிவு: கம்பெனி அளவு, நல்ல ரப்பர். 130 வேண்டாம்.

கேள்வி: ஸ்போக் வீல் உள்ள ஸ்பிளெண்டரில் தினமும் பால் கேன் ஏற்றுகிறேன். பின் டயர் 80/100-18. பாரம் தாங்க 100/90-18 போடலாமா? டியூப்லெஸ் ஆக்க முடியுமா?
- மேலூர் வாசகர்

பதில்: பாரம் தாங்குவதைச் சொல்வது அகலம் அல்ல, அளவுக்குப் பின்னால் வரும் சிறிய எண். ஒரே 80/100-18 அளவில் 47பி என்றும் 54பி என்றும் இரண்டு வகை கிடைக்கும். 47 என்றால் அந்த டயர் 175 கிலோ வரை தாங்கும். 54 என்றால் 212 கிலோ. பின்னால் போட வேண்டியது 54. அவசரத்தில் கடைப் பையன் கையில் கிடைத்ததை மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் தாங்குகிறது என்பதற்காக ஸ்போக்கும் ஷாக்கும் தாங்கிவிடாது. வண்டிக் கையேட்டில் உள்ள எடைதான் எல்லை. காற்றும் டபுள்ஸுக்குச் சொன்ன அளவில் இருக்கட்டும்.

100/90-18 உங்கள் மெல்லிய ரிம்முக்கு அதிகம். விட்டமும் 20 மி.மீ. கூடும். வேண்டாம். ஸ்போக் ரிம்மில் கம்பித் துளை வழியாகக் காற்று போகும் என்பதால் டியூப்லெஸ் டயர் வாங்கினாலும் உள்ளே டியூப் போட்டே ஆக வேண்டும். பஞ்சர் தொல்லைதான் காரணம் என்றால் அலாய் வீலோடு சேர்த்து யோசியுங்கள். செலவு பெரிது.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் டயர் விலையைக் குறைத்துத் தருகிறார்கள். வாங்கலாமா?
- ஈரோடு வாசகர்

பதில்: வேண்டாம். புது டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 தான். பில் போட்டால் விலை எகிறும் என்ற பழைய பேச்சு அந்த அளவுக்கு எடுபடாது. பக்கவாட்டில் பொம்மினாலோ பட்டன் பிய்ந்தாலோ உற்பத்திக் குறை என்று கேட்க உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் காகிதம்தான். பில்லில் டயரின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

மாட்டுவதற்கு முன்பே டயரில் ஐஎஸ்ஐ முத்திரையையும் நான்கு இலக்கத் தேதியையும் பார்த்துவிடுங்கள். 3125 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 31ஆவது வாரம் செய்தது. சில மாதம் பழையது என்றால் குற்றமில்லை. மூன்று நான்கு வருடம் கடையில் கிடந்ததைப் புது விலைக்கு வாங்காதீர்கள். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசையில் அது இருக்க வேண்டும். கடைக்காரர் பில் தர மறுத்தாலோ, குறை சொல்லப் போனால் திருப்பி அனுப்பினாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் பதியலாம்.