எல்டன் ரிங் வீடியோ கேமில் நமக்கு வழிகாட்டும் பெண்ணான மெலினாதான், அதன் பழங்கதையில் வரும் மங்கிய விழி ராணி என்கிற ஊகத்தை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் முடிவானது என்று சொல்ல முடியாது. டர்பனில் சாட்ஸ்வர்த்தில் மின்சாரம் போன இரவுகளில், ஃபோனில் எடுத்து வைத்த படங்களைப் பார்த்தபடி நானும் என் தம்பியும் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம்.

2022-இல் வந்த இந்த விளையாட்டு கதையை நேராகச் சொல்வதே இல்லை, வாள், மோதிரம், மந்திரம் எதை எடுத்தாலும் அதன் விவரக் குறிப்பில் ஒரு துண்டு ஒளிந்திருக்கும். கடவுள்கொல்லிப் பெருவாளின் குறிப்பைப் படியுங்கள்: அது மங்கிய விழி ராணியின் புனித வாள், கடவுள்களைக் கொல்லும் கூட்டமான கடவுள்தோல் அப்போஸ்தலர்களை ஆண்ட அவள், மரிகா என்ற தெய்வத்தின் காவல் விலங்கான மாலிகெத்திடம் தோற்றாள் என்கிறது. இப்போது விளையாட்டின் பல முடிவுகளில் ஒன்றான வெறிநெருப்பு முடிவைத் தேர்ந்தால் கடைசியில் மெலினாவின் மூடியிருந்த இடக்கண் திறக்கும், அது அந்தி மங்கல் நிறம், ராணியின் பெயரில் இருக்கிற அதே மங்கல். முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது!

சரி, தடை என்ன? மெலினா தன் அம்மாவைப் பற்றிப் பேசுவதை வைத்து அவள் மரிகாவின் மகள் என்று பலரும் கொள்கிறார்கள். மகளென்றால், அந்தப் பழைய போரில் ராணியாக இருந்தது எப்போது? காலக்கணக்கு இடிக்கிறது.

ஊகமெல்லாம் வெறும் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். விளையாட்டின் தலைநகரான லேண்டெல்லில், மரிகாவின் கணவனாக வரும் ரடகானின் சிலை முன் பின்னோக்கு விதி மந்திரத்தைச் சொன்னால், ரடகான்தான் மரிகா என்று விளையாட்டே சொல்லிவிடுகிறது. அந்த மந்திரத்துக்கு உங்கள் பாத்திரத்தின் அறிவுப் புள்ளி 37 வேண்டும், அதை முதலில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள்.