எந்த ஆயில், எந்த ஃபில்டர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் காரின் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் காரின் கையேட்டில் 0டபிள்யூ-20 ஆயில் என்று இருக்கிறது. நான் வசிப்பது வெயில் கடுமையான பகுதி. "இது தண்ணீர் மாதிரி இருக்கிறது, இந்த வெயிலுக்குத் தாங்காது, 20டபிள்யூ-50 ஊற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார் மெக்கானிக். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கையேடு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள எண், இன்ஜின் முழுச் சூட்டை அடைந்த பிறகு அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. இந்த இரண்டாவது எண்ணுக்கான பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 100 டிகிரி செல்சியஸில் அளக்கப்படுகிறது. வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு வகுத்த ஜே300 தரநிலைப்படி, 20 கிரேடு ஆயிலின் பாகுநிலை அந்தச் சூட்டில் 6.9 சென்டிஸ்டோக்ஸுக்கு (பாகுநிலையின் அலகு) குறையாமலும் 9.3-ஐ எட்டாமலும் இருக்க வேண்டும். 50 கிரேடுக்கோ அது 16.3-இல்தான் தொடங்குகிறது. ஆக, உங்கள் மெக்கானிக் சொல்லும் ஆயில், இன்ஜின் சூடாக ஓடும்போதே ஏறத்தாழ இரண்டு மடங்கு கெட்டியானது. காலையில் வண்டியைக் கிளப்பும்போது அந்த வித்தியாசம் மூன்று, நான்கு மடங்காகிவிடும்.

வெளியே வெயில் அதிகம் என்பதால் மட்டும் இன்ஜினுக்குள் ஆயிலும் அதே அளவு கூடுதலாகக் கொதிப்பதில்லை. கூலன்ட்டின் சூட்டைத் தெர்மோஸ்டாட் ஒரு குறிப்பிட்ட அளவை ஒட்டியே வைத்திருக்கிறது. ஆயிலின் சூடும் பெரும்பாலும் அதைச் சார்ந்தே அமைகிறது. அதே நேரத்தில், இன்றைய இன்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும், டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகின்றன. அவற்றுக்குப் போகும் துளைகள் மிகச் சிறியவை. தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலைப் பம்ப் தள்ளும்போது அழுத்தம் எகிறி, ரிலீஃப் வால்வு திறந்து, போக வேண்டிய இடத்துக்குப் போகாமலேயே ஒரு பகுதி ஆயில் திரும்பிவிடும். அழுத்தம் அதிகமாகக் காட்டுவதும் ஆயில் போதுமான அளவு ஓடுவதும் ஒன்றல்ல.

சில கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கேற்ப இரண்டு மூன்று கிரேடுகளைக் காட்டும் அட்டவணை இருக்கும். உங்கள் கையேட்டில் அப்படி இருந்து, நீங்கள் பாரம் ஏற்றி மலைப்பாதைகளில் அடிக்கடி ஓட்டுபவராகவும் இருந்தால், அந்த அட்டவணைக்குள் சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பது நியாயம். அட்டவணைக்கு வெளியே போக வேண்டாம்.

கேள்வி: கிரேடு ஒன்றாக இருந்தால் போதாதா? டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ, ஏசிஇஏ என்று வரிசையாக எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது?

பதில்: போதாது. ஆயில் தேர்வில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிரேடு ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்கிறது. அதில் என்னென்ன சேர்க்கப்பட்டிருக்கிறது, அது எந்தச் சோதனைகளைத் தாண்டி வந்திருக்கிறது என்பதைத் தரக்குறியீடுதான் சொல்கிறது. இரண்டு 5டபிள்யூ-30 டப்பாக்களில் ஒன்று உங்கள் இன்ஜினுக்கு உகந்ததாகவும் மற்றது கேடு செய்வதாகவும் இருக்கலாம்.

ஏபிஐ எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் குறியீட்டில் 'எஸ்' என்று தொடங்குபவை பெட்ரோல் இன்ஜினுக்கானவை. இரண்டாவது எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பின்னால் வருகிறதோ அவ்வளவு புதிய தரம்: எஸ்என் 2010-இலும், எஸ்பி 2020-இலும், எஸ்கியூ 2025-இலும் வந்தன. எஸ்என் கேட்கும் இன்ஜினுக்கு எஸ்பி ஊற்றலாம். எஸ்பி கேட்கும் இன்ஜினுக்கு எஸ்என் கூடாது. நேரடி எரிபொருள் பீய்ச்சல் கொண்ட சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் இந்த வேறுபாடு முக்கியமானது. குறைந்த வேகச் சுழற்சியில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு இவ்வகை இன்ஜின்களில் உண்டு. அது பிஸ்டனையே உடைக்கக்கூடியது. ஆயிலில் அழுக்கு நீக்கியாகச் சேர்க்கப்படும் கால்சியம் சேர்மங்கள் அதைத் தூண்டுகின்றன என்று கண்டறியப்பட்ட பிறகு, அவற்றில் ஒரு பங்கை மெக்னீசியத்தால் மாற்றினார்கள். இந்தக் கோளாறைத் தடுக்கும் திறனுக்கான சோதனை எஸ்பி தரத்திலேயே சேர்ந்திருக்கிறது.

ஏசிஇஏ ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர்களின் தரவரிசை. இதில் எண் கூடினால் தரமும் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. சி2, சி3, சி5 என்பவை வெவ்வேறு இன்ஜின்களுக்கான வெவ்வேறு ஆயில்கள். டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி பொருத்திய டீசல் காருக்குச் 'சி' வரிசைதான் வேண்டும். புகைக்கரி அந்த வடிகட்டியில் அவ்வப்போது எரிந்து தீர்ந்துவிடும்; ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி நாளடைவில் அடைத்துக்கொள்ளும். சி3 ஆயிலில் சல்ஃபேட் சாம்பலின் உச்ச வரம்பு 0.8 சதவீதம். ஏ3/பி4 வகையில் அது ஏறக்குறைய இரு மடங்கு வரை போகலாம்.

டப்பாவில் கார் நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களையும் படியுங்கள். 'அங்கீகாரம் பெற்றது' என்றால் அந்தக் கார் நிறுவனம் அந்த ஆயிலை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'இந்தத் தேவைகளுக்கு ஏற்றது' என்றால் அது ஆயில் தயாரித்தவர் தாமே சொல்வது. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டிக்கு முதல் வகையையே வாங்குங்கள். டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடும்படி அமைந்த இன்ஜின்களுக்கும் இதே அறிவுரைதான். பொருந்தாத ஆயில் அந்தப் பெல்ட்டை அரித்து, உதிர்ந்த துணுக்குகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும்.

கேள்வி: மினரல் ஆயிலில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய காரைச் சிந்தெடிக் ஆயிலுக்கு மாற்றினால் கசிவு வரும் என்கிறார்களே?

பதில்: நல்ல நிலையில் உள்ள சீல்களைச் சிந்தெடிக் ஆயில் கெடுப்பதில்லை. ஏற்கெனவே இறுகி வெடித்துப்போன சீல்களை இதுவரை அடைத்திருந்த கசடு கரையும்போது, மறைந்திருந்த கசிவு வெளியே தெரியலாம். குளிரில் எளிதாக ஓடுவதும் சூட்டில் மெதுவாகவே சிதைவதும் சிந்தெடிக்கின் உண்மையான நன்மைகள். சிந்தெடிக் என்று விற்கப்படுபவற்றில் பல, கச்சா எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்துப் பெற்ற, ஏபிஐ வகைப்பாட்டின் மூன்றாம் பிரிவு அடிப்படை எண்ணெயில் செய்தவை. அதில் குறையொன்றும் இல்லை. கையேடு கேட்கும் தரக்குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆயில் ஃபில்டர் எல்லாம் ஒரே மாதிரித் தகர டப்பாவாகத்தானே தெரிகிறது? கையால் திருகிப் பொருந்துகிற எதையும் போடலாமா?

பதில்: கூடாது. திருகிப் பார்ப்பது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை என்ற அளவும், எம்20 (20 மில்லிமீட்டர் விட்டம்), 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி என்ற மெட்ரிக் அளவும் ஃபில்டர்களில் மிகப் பரவலானவை. முதலாவதன் விட்டம் 19.05 மில்லிமீட்டர்; மரைக்கு மரை இடைவெளி 1.59 மில்லிமீட்டர். மெட்ரிக் மரை கொண்ட ஃபில்டரை முக்கால் அங்குலக் குழாயில் திருகினால், தொளதொளவென்றாவது ஏறிவிடும், இறுகியது போலவும் இருக்கும். ஆயில் அழுத்தமும் அதிர்வும் சேரும்போது ஓடுகிற வண்டியில் அது கழன்றுவிட்டால், சில நொடிகளில் ஆயில் முழுவதும் வெளியேறிவிடும்.

மரை பொருந்தினாலும் உள்ளே இருப்பவை பொருந்த வேண்டும். பயன்படுத்திய ஃபில்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். முதலாவது மடிப்பு மடிப்பாக அமைந்த வடிதாள். விலை குறைந்த ஃபில்டர்களில் மடிப்புகள் எண்ணிக்கையில் குறைவாகவும், ஒரு பக்கமாகச் சரிந்தும் இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். இரண்டாவது பைபாஸ் வால்வு. வடிதாள் அடைபட்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, இன்ஜின் ஆயிலின்றி வறண்டு போகாமலிருக்க இது திறந்துகொள்ளும். இது எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். சீக்கிரம் திறந்தால் வடிகட்டாத ஆயில் ஓடும். தாமதமாகத் திறந்தால் வடிதாள் கிழியலாம். மூன்றாவது, வண்டி நிற்கும்போது ஃபில்டரிலிருந்து ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் வட்டமான ரப்பர் வால்வு. ஃபில்டர் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பொருத்தப்படும் இன்ஜின்களில் இதன் வேலை பெரிது. சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளடைவில் இறுகிவிடும். சிலிகான் ரப்பர் நெடுநாள் மென்மையாகவே இருக்கும். காலையில் கிளப்பியதும் ஓரிரு நொடிகள் கடகடவென்று சத்தம் கேட்டு அடங்கினால், நான் முதலில் சந்தேகப்படுவது இந்த வால்வைத்தான்.

'99 சதவீதம் வடிகட்டும்' என்ற விளம்பரத்தை, எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளை என்று சொல்லாதவரை மதிக்க வேண்டாம். 20 மைக்ரானில் 99 சதவீதம் என்பது நல்ல ஃபில்டர். 40 மைக்ரானில் 99 சதவீதம் என்பது மிகச் சாதாரணம். ஐஎஸ்ஓ 4548-12 சோதனைப்படி அளந்த மதிப்பு என்று குறிப்பிட்டிருந்தால் இரண்டு ஃபில்டர்களை நேர்மையாக ஒப்பிடலாம். அதைத் தேடிப் பார்க்க முடியாதவர்கள், கார் நிறுவனத்தின் பாக எண்ணைக் கொடுத்து அசல் ஃபில்டரையே வாங்குவது நல்லது.

கேள்வி: நானே ஃபில்டர் மாற்றினேன். இறுக்கித்தான் வைத்தேன், ஆனாலும் அடியில் ஆயில் கொட்டுகிறது.

பதில்: இன்ஜினை உடனே நிறுத்திவிட்டு ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதிய வளையம் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை எடுத்துவிட்டு, பரப்பைத் துடைத்து, புதிய வளையத்தில் விரலால் சிறிது ஆயில் தடவி, வளையம் தொட்ட பிறகு ஃபில்டரின் மேல் அச்சிட்டுள்ள அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே இறுக்குங்கள். அடியில் உள்ள, ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: டீசல் காரில் ஆயில் மாற்றிய சில நாள்களிலேயே கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. டீசல் எரியும்போது உண்டாகும் புகைக்கரியை ஒன்றாகத் திரளவிடாமல் தனக்குள் மிதக்க வைத்திருப்பது ஆயிலின் வேலை. அது வேலை செய்வதால்தான் கறுக்கிறது. ஆயில் அளவைப் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தாலோ, எரிபொருள் நெடி அடித்தாலோ, விரலிடையே தேய்க்கும்போது நறநறவென்று இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்கிறது கையேடு. என் வண்டி தினமும் மூன்று கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஆண்டு முடிந்தாலும் ஆயில் புதிதாகத்தானே இருக்கும்?

பதில்: உங்கள் வண்டியின் ஆயில்தான் சீக்கிரம் கெடும். எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலோடு சேர்கிறது. எரியாத எரிபொருளும் அவ்வாறே சேர்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரமாவது ஓடினால் இவை ஆவியாகி வெளியேறும். மூன்று கிலோமீட்டரில் அது நடப்பதில்லை. தங்கிய ஈரம் அமிலம் உண்டாகச் செய்து, அதை முறிப்பதற்காக ஆயிலில் வைத்திருக்கும் காரத்தன்மையைக் கரைத்துக்கொண்டே இருக்கும். பல கையேடுகள் குறுகிய தூர ஓட்டத்தைக் 'கடினப் பயன்பாடு' என்ற தலைப்பில் சேர்த்து, இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்வது இதனால்தான். உங்களுக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஃபில்டருக்குள் நிற்கும் அழுக்கு ஆயில் புதியதோடு கலப்பதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: உராய்வைக் குறைக்கும் என்று தனியாக விற்கும் திரவங்களை ஆயிலோடு சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஆயிலில் உள்ள கலவை அளந்து சமன்படுத்தப்பட்டது. எடுத்துக்காட்டாக, எஸ்பி தர 5டபிள்யூ-30 ஆயிலில் பாஸ்பரஸ் 0.06 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 0.08-ஐத் தாண்டவும் கூடாது; குறைந்தால் தேய்மானம், கூடினால் புகைபோக்கியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிஸ்ட் பாழாகும். வெளியிலிருந்து ஊற்றும் திரவம் இந்தக் கணக்கைக் குலைக்கிறது.

கேள்வி: நெடுஞ்சாலையில் ஆயில் அளவு குறைந்துவிட்டது. கிடைத்த வேறு நிறுவன ஆயிலை ஊற்றினேன், கொஞ்சம் அதிகமாகவும் போய்விட்டது. என்ன செய்வது?

பதில்: வேறு நிறுவனத்தின் ஆயில் கலந்ததற்காக அஞ்ச வேண்டாம். ஏபிஐ தரம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது விதி; அடுத்த முறை முழுவதுமாக மாற்றிவிட்டால் போதும். அளவு அதிகமானதுதான் கவனிக்க வேண்டியது. டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தெளிவாகத் தாண்டினால், சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் உள்ள காற்று பேரிங்குகளுக்குள் போனால் அங்கே ஆயில் படலம் அறுந்துவிடும். சமமான தரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் நுழைத்து எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும் என்பதைக் கொண்டு, கூடுதலாக எவ்வளவு இருக்கிறது என்று கணித்து, அதை மட்டும் ட்ரெயின் போல்ட் வழியாகவோ, டிப்ஸ்டிக் குழாயில் உறிஞ்சு பம்ப் வைத்தோ எடுத்துவிடச் சொல்லுங்கள். டிபிஎஃப் உள்ள டீசல் காரில் நீங்கள் எதுவும் ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால், அது டீசல் கலந்திருப்பதன் அறிகுறி. அப்போது கூடுதலை மட்டும் எடுப்பது போதாது; ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றி, டிபிஎஃப்பில் புகைக்கரியை எரித்துத் தீர்க்கும் சுத்திகரிப்பு ஏன் பாதியில் நிற்கிறது என்பதையும் சோதிக்க வேண்டும்.