வெல்டிங்கில் குறை, இங்கே அதுவே வேலை

கேள்வி: அலுமினியத் தகட்டுக்குள் குளிர்நீர் ஓட வளைந்து வளைந்து சின்ன வழி போட, துளையிடவும் வேண்டாம், பள்ளம் வெட்டி மூடி பற்றவைக்கவும் வேண்டாம், சுழலும் டூலை அழுத்தி நகர்த்தினால் போதும் என்கிறார்கள். மேலே குழி விழாமல் உள்ளே மட்டும் எப்படி ஓட்டை விழும்?

பதில்: நியாயமான சந்தேகம்தான். இதற்குப் பெயர் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் சேனலிங். இதற்கு மூலமான, 1991இல் பிரிட்டனின் டிடபிள்யூஐ என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் பிறந்த, தகடுகளை உருக்காமல் இணைக்கும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்கை முதலில் பார்த்துவிடுவோம். அகன்ற தோள், அதன் அடியில் மரை போட்ட ஒரு முளை, அவ்வளவுதான் டூல். அது சுழலும்போது உராய்வுச் சூட்டில் அலுமினியம் உருகாது (அதற்கு 660 டிகிரி வேண்டும்), களிமண் மாதிரி இளகும், முளை அதைக் கலக்கிக்கொண்டே போகும். மரை உலோகத்தைக் கீழே தள்ளுகிற மாதிரி சுற்றுவார்கள். சூடோ அழுத்தமோ போதாவிட்டால் உள்ளே புழு அரித்தது போல நீளமாக ஒரு பொந்து விழும், வெல்டர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அந்தப் பொந்தை வேண்டுமென்றே வரவழைப்பதுதான் சேனலிங். மரை உலோகத்தை மேலே இழுக்கும்படி சுற்றும் திசையை மாற்றிவிட்டு, தோளைத் தகட்டில் அழுத்தாமல் கொஞ்சம் தூக்கி வைப்பார்கள். அடியிலிருந்து ஏறி வரும் உலோகம் அந்த இடைவெளிக்குள் போய்ப் படியும், தோள் அதைத் தேய்த்துக் கூரையாக மூடிவிடும், கீழே காலியான இடம் நீர் ஓடும் வழியாக நிற்கும். அதனால் மேற்பரப்பு குழியாவதற்குப் பதிலாகச் சற்று மேடாகிறது! பின்னால் வந்த இன்னொரு முறையில் தோள் தகட்டைத் தொட்டே ஓடும், மிச்ச உலோகம் ஓரத்தில் பிசிறாக வெளியேறிவிடும், அதைச் செதுக்கினால் போதும்.

வழி எவ்வளவு பெரிதாக வரும் என்பதை முளையின் அளவும் சுழலும் வேகமும் நகரும் வேகமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. டூலை வெளியே எடுக்கும் இடத்தில் ஒரு துளை மிஞ்சும், அதையே நீர் போகும் வாயாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: உள்சுவர் சொரசொரப்பாக இருக்குமாமே, பரவாயில்லையா?

பதில்: ஆமாம், வழவழப்பை எதிர்பார்க்காதீர்கள். சொரசொரப்பு நீரைச் சுழலவைப்பதால் வெப்பம் நன்றாகவே கடத்தப்படும், ஆனால் பம்ப்புக்கு வேலை கூடும். எனக்கு இது லாபமான பேரமாகத்தான் படுகிறது, பம்ப் சின்னதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்புறம், கூரை எங்காவது சரியாக மூடாமல் இருக்கலாம், அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்காமல் நீரை விடவே கூடாது.