பக்கத்துல போக 40 எம்எம் போதுமா?

அன்புள்ள அண்ணா,

நான் ஈரோட்டுல பேங்க்ல வேலை பாக்கறேன். போன வருஷம் செகண்ட்ஸ்ல ஒரு நிக்கான் க்ராப் பாடி (சின்ன சென்சார் கேமரா) வாங்கினேன், கையில 18-55 லென்ஸ் மட்டும்தான் இருக்கு. மேக்ரோ, அதாவது சின்னப் பொருளைக் கிட்டப் போய் பெரிசா எடுக்கறது, அது மேல ரொம்ப நாளா ஆசை. ஆனா பூச்சிக்குப் பின்னாடி அலையறதுல இஷ்டம் இல்ல. வீட்ல இருக்கற பழைய சாமான், துணிமணி, ஊருக்குப் போனா கண்ணுல படற சின்னச் சின்ன விஷயம், இதைத்தான் எடுக்கணும். நிக்கான் 40 எம்எம் மைக்ரோ லென்ஸ் (மேக்ரோவை நிக்கான் அப்படித்தான் சொல்லுது) பாத்து வச்சிருக்கேன், கடைக்காரர் "அது பொம்மை மாதிரி சார், வாங்கினா 105 வாங்குங்க"ங்கறார். பொங்கல் லீவுக்கு குடும்பத்தோட காரைக்குடி போறோம். என்ன பண்ணட்டும்?

வாசகர், ஈரோடு

அன்புள்ள தம்பி,

40 வாங்குங்க. கடைக்காரர் சொன்ன 105 அருமையான லென்ஸ்தான், ஆனா அது முக்கால் கிலோ கனம், இது 235 கிராம். குடும்பத்தோட போற ஊர்ல முக்கால் கிலோ லென்ஸ் பைக்குள்ளயே தூங்கும், இது கேமராவுலயே மாட்டியிருக்கும், உங்க க்ராப் பாடில 60 எம்எம் மாதிரி வேலை செய்யறதால திண்ணைல உக்காந்திருக்கற அப்பாவையும் அதே லென்ஸ்ல எடுக்கலாம், அப்படியே குனிஞ்சு அவர் பக்கத்துல இருக்கற வெத்தலைப் பெட்டியோட பூட்டையும் எடுக்கலாம்.

பொம்மைன்னு சொன்னதுதான் மனசுக்கு ஆகல. எஸ்எல்ஆர் (லென்ஸ் பாக்கறதையே உள் கண்ணாடி வழியா நமக்குக் காட்டற) கேமராவுக்குன்னு வந்த முதல் மேக்ரோ லென்ஸ், 1955ல வந்த கில்ஃபிட் மேக்ரோ கிலார், அதுவே 40 எம்எம்தான். அடுத்த வருஷம் நிக்கான் விட்ட மைக்ரோ நிக்கோர் 5 சென்டிமீட்டர். ஜப்பான் எழுத்துல கோடுங்க ரொம்ப நெருக்கமா இருக்கும், காகிதத்தைக் குட்டியா படம் பிடிச்சு வைக்கற மைக்ரோஃபிலிம்ல படிக்கற மாதிரி விழணும்னு உழைச்சு செஞ்ச லென்ஸ் அது, அந்த மைக்ரோங்கற பேரைத்தான் இன்னிக்கும் விடாம வச்சிருக்காங்க. ஆக சின்ன மேக்ரோ பொறந்ததே காகிதம் மாதிரி அசையாம கெடக்கற பொருளுக்காக. நீங்க எடுக்க நினைக்கறதும் அதேதானே.

குறை ஒண்ணு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. கிட்டத்து ஃபோகஸ் 16.3 சென்டிமீட்டர்னு போட்டிருப்பாங்க, அது சென்சார்ல இருந்து அளந்த கணக்கு, லென்ஸ் மூக்குல இருந்து பாத்தா மூணரை சென்டிமீட்டர்தான் மிச்சம், ரெண்டு விரல் அகலம். லென்ஸோட நிழலே பொருள் மேல விழும், பட்டாம்பூச்சி பறந்துடும், சூடான காபியை எடுக்கப் போனா ஆவி படிஞ்சு கண்ணாடி மங்கிடும். அதனால வெளிச்சம் மேல இருந்து வராம ஜன்னல்ல இருந்து படுக்கையா வரணும், எதிர்ப்பக்கம் ஸ்வீட் டப்பா மூடியோட வெள்ளை உள்பக்கத்தை நிறுத்தி வச்சா போதும், நிழல் எல்லாம் இளகிடும். நான் இதுக்கு மேல எந்த லைட்டும் தூக்கிட்டுப் போனதில்ல.

இன்னொண்ணு, வாங்கின புதுசுல எல்லாரும் 1:1க்கே போய் நிப்பாங்க. 1:1ன்னா சென்சார் அளவு எவ்வளவோ அவ்வளவுதான் படத்துல அடங்கும், உங்க பாடில அது 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், ஒரு பத்து ரூபா காசு முழுசா அடங்காது. எஃப் 8 (லென்ஸ் துவாரத்தோட அளவு, நம்பர் ஏற ஏற துவாரம் சின்னதாகும்) வச்சாலும் தெளிவா விழற ஆழம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அதையே கொஞ்சம் பின்வாங்கி நிஜ அளவுல கால்வாசிக்கு எடுத்தீங்கன்னா ஆறு மில்லிமீட்டர் கிடைக்கும், பத்து மடங்கு! என்னோட நல்ல படங்கள்ல முக்கால்வாசி இந்தக் கால்வாசி அளவுலதான் எடுத்தது. ஆழம் வேணும்னு 22 வரைக்கும் மூடாதீங்க, டிஃப்ராக்‌ஷன்ல சின்னத் துவாரத்துல வெளிச்சம் சிதறி மொத்தப் படமும் மழுங்கிடும், 11 தாண்ட வேண்டாம். கிட்ட போகப் போக 2.8ங்கற எஃப் நம்பர் தானா ஏறிட்டே போகும், அது ரிப்பேர் இல்ல, வெளிச்சம் நெசமாவே குறையறதைத்தான் கேமரா காட்டுது.

1:1 எங்க வேணும்னு கேட்டா எங்கம்மாவோட கல்யாணப் பட்டைச் சொல்லுவேன். காஞ்சிபுரம் சேலை, பீரோவுல மடிப்பு மாறாம வருஷக்கணக்கா இருந்தது. அந்த மடிப்பு தேஞ்ச இடத்துல லென்ஸை வச்சேன். ஜரிகைன்னா பட்டு நூல் மேல வெள்ளித் தகடை இழையா சுத்தி தங்கமுலாம் பூசினதுன்னு கேள்விப்பட்டதுதான், ஆனா அன்னிக்கு அதைக் கண்ணால பாத்தேன், முலாம் போய் வெள்ளி வெளுத்து, அந்த வெள்ளியும் ரெண்டு சுத்து விலகி நடுவுல செவப்பா பட்டு நூல் எட்டிப் பாக்குது. அம்மாகிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் ஃபோனை கையிலயே வச்சிருந்தாங்க.

காரைக்குடி போறீங்கன்னதும் எனக்கே கிளம்பணும் போல இருக்கு. பக்கத்துல ஆத்தங்குடி போங்க, டைல்ஸ் போடறதை நின்னு பாருங்க. கண்ணாடித் தகடு மேல அச்சை வச்சு கலர் சிமெண்டை ஊத்தி, பின்னாடி மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணில ஊற வச்சு எடுப்பாங்க, சூளையே கிடையாது, அந்த வழவழப்பு மொத்தமும் கண்ணாடி குடுத்தது. ரெண்டு கலர் சேர்ற கோட்டுகிட்ட போய்ப் பாருங்க, தூரத்துல கோடு கத்தி மாதிரி தெரியும், கிட்டத்துல ஒண்ணுக்குள்ள ஒண்ணு கசிஞ்சிருக்கும், கை வேலைங்கறது அங்கதான் தெரியும். டைல்ஸ் மாதிரி தட்டையான பொருளுக்கு ஒரு சின்னக் கண்ணாடியை, முகம் பாக்கறது போதும், அது மேல படுக்க வச்சுட்டு வியூஃபைண்டர்ல பாருங்க, உங்க லென்ஸோட பிம்பம் நட்ட நடுவுல வந்தா கேமரா நேரா இருக்குன்னு அர்த்தம், அப்புறம் கண்ணாடியை எடுத்துட்டு ஃபோகஸ் பண்ணி சொடுக்குங்க, நாலு மூலையும் தெளிவா வரும்.

இந்த லென்ஸ்ல விஆர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கற வசதி) கிடையாது, அதனால முழங்கையைத் தரையிலயோ செவுத்துலயோ ஊனிக்குங்க, ஷட்டர் வேகம் 1/200 செகண்டுக்குக் கீழ வேண்டாம். ஃபோகஸை மேனுவல்ல வச்சுட்டு ரிங்கைத் திருகறதை விட்டு உடம்பை முன்ன பின்ன நூலளவு ஆட்டி நாலஞ்சு படம் எடுங்க, ஒண்ணு கண்டிப்பா தேறும்.

செகண்ட்ஸ்ல வாங்கினா டார்ச் அடிச்சு உள்ள ஃபங்கஸ் இருக்கான்னு பாத்துடுங்க.

அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்கும், அங்க ஒரு அரை நாள் ஒதுக்குங்க. கடைக்காரங்ககிட்ட முதல்ல கேட்டுக்குங்க, கேட்டா பெரும்பாலும் எடுத்துக்கச் சொல்லிடுவாங்க. இனாமல் தூக்கு ஏதாவது கிடைச்சா மேல இருக்கற பூவை மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க, கவுத்து அடியைப் பாருங்க, இனாமல் பேந்த இடத்துல இரும்பு துருவேறி, அதுக்குப் பக்கத்துல செஞ்ச கம்பெனியோட முத்திரை பாதி அழிஞ்சு நிக்கும். அதை எடுத்து எனக்கு அனுப்புங்க.

அன்புடன்,
அண்ணா