பழைய லேப்டாப்பில் ஓஎஸ் போடும்போது வரும் சிக்கல்கள்: கேள்வி பதில்

பத்து வருடம் ஓடிய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களின் கேள்விகள் இவை. அனுப்பிய எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபார்மட் செய்வதற்கு முன் டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். சாகப்போகிற டிஸ்க்கில் எத்தனை முறை ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) போட்டாலும் நிற்காது.

கேள்வி: சார், 2013 மாடல் லேப்டாப். விண்டோஸ் 10 போடும்போது, ‘இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது, எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் வருகிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: போகவில்லை, பயப்படாதீர்கள். லேப்டாப் கிளம்புவதற்கு (பூட் ஆவதற்கு) இரண்டு முறைகள் உண்டு: புதியது யூஇஎஃப்ஐ, பழையது லெகசி. டிஸ்க்கைப் பிரித்துக் குறித்து வைக்கவும் இரண்டு முறைகள்: புதியது ஜிபிடி, பழையது எம்பிஆர். உங்கள் பென்டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறது, டிஸ்க்கோ பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. யூஇஎஃப்ஐ என்றால் விண்டோஸ் ஜிபிடி டிஸ்க்கைத்தான் கேட்கும். லெகசி என்றால் எம்பிஆர்.

டிஸ்க்கில் உள்ள எதுவும் வேண்டாம் என்றால், அதே திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். அதில் ‘டிஸ்க்பார்ட்’, பிறகு ‘லிஸ்ட் டிஸ்க்’ ஆகிய கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுங்கள். இந்த இடத்தில் நின்று நிதானமாக அளவைப் பாருங்கள். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் 465 என்று காட்டும், 16 ஜிபி பென்டிரைவ் 14 என்று காட்டும். வெளி ஹார்ட் டிஸ்க் எதுவும் செருகியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். எண்ணை உறுதி செய்த பிறகு ‘செலக்ட் டிஸ்க் 0’, ‘கிளீன்’, ‘கன்வர்ட் ஜிபிடி’ என ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ‘கிளீன்’ கொடுத்த நொடியில் எல்லாப் பார்ட்டிஷனும் போய்விடும். டி டிரைவில் இருக்கும் கல்யாண போட்டோக்களும் சேர்த்துத்தான்.

டி டிரைவில் உள்ள டேட்டா வேண்டும் என்றால் இந்த வழிக்கே போகாதீர்கள். ரூஃபஸில் (பூட் பென்டிரைவ் தயாரிக்கிற செயலி) பார்ட்டிஷன் ஸ்கீமை எம்பிஆர் என்று வைத்துப் பென்டிரைவைத் திரும்பத் தயாரித்து, பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) லெகசியை ஆன் செய்து பூட் செய்யுங்கள். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் போதும்.

கேள்வி: இன்ஸ்டால் பாதியிலேயே நிற்கிறது. ஒரு முறை 80070570 என்று முடிகிற எர்ரர் வந்தது. கடையில் மதர்போர்டு என்கிறார்கள், அண்ணா.

பதில்: மதர்போர்டுக்கு முன் சந்தேகப்பட மூன்று பேர் இருக்கிறார்கள்: பென்டிரைவ், ரேம், டிஸ்க். ஃபைலைச் சரியாகப் படிக்கவோ எழுதவோ முடியாதபோது வருகிற எர்ரர் அது. முதலில் ஐஎஸ்ஓவை (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஃபைல்) புதிதாக இறக்கி வேறு பென்டிரைவில் போட்டுப் பாருங்கள். இரண்டு ரேம் இருந்தால் பேட்டரியையும் சார்ஜரையும் எடுத்துவிட்டு ஒன்றைக் கழற்றி, மற்றதை மட்டும் வைத்து முயலுங்கள். பிறகு மாற்றிப் போட்டு இன்னொரு முறை.

அப்புறம் டிஸ்க். லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸைப் பென்டிரைவில் போட்டு, நிறுவாமல் அப்படியே பூட் செய்து, ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் பதிவு) பாருங்கள். ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால், படிக்க முடியாத இடங்கள் டிஸ்க்கில் வந்துவிட்டன. அந்த மின்ட்டிலிருந்தே ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அது முடிகிறவரை வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டுக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்புக்குச் செலவு செய்தால் முதலில் இதற்குத்தான் செய்ய வேண்டும், வேகத்தில் உடனே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ஓஎஸ் போட்டால் அன்றைக்கு நன்றாக ஓடுகிறது. இரவு சார்ஜரைக் கழற்றி வைத்தால் காலையில் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறது. தேதியும் பழைய வருடத்தைக் காட்டுகிறது.

பதில்: திரும்ப ஓஎஸ் போடாதீர்கள். பயாஸ் அமைப்பையும் தேதியையும் காத்து வைக்கிற சின்ன சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சில பழைய லேப்டாப்களில் அது தீர்ந்தால் பயாஸ் அமைப்பு எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். நீங்கள் வைத்த லெகசி, யூஇஎஃப்ஐ தேர்வும் அதோடு மாறிவிடும், பிறகு விண்டோஸ் எப்படிக் கிளம்பும்? பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். லேப்டாப்பில் ஒயரோடு சின்ன கனெக்டர் வைத்து வரும், வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள்.

கேள்வி: அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப். விண்டோஸுக்குள் போய், அதோடு வந்த இன்னொரு ஓஎஸ்ஸான பாஸ் லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்தேன். இப்போது ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நிற்கிறது. இதில் விண்டோஸ் 11 போடலாமா? 2 ஜிபி ரேம்.

பதில்: விண்டோஸ் அப்படியே இருக்கிறது தம்பி, ஓஎஸ்ஸைக் கிளப்பிவிடுகிற ‘கிரப்’ லினக்ஸ் பார்ட்டிஷனோடு போனதால் கிளம்புகிற வழிதான் தொலைந்திருக்கிறது. விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, முன்பு சொன்ன கறுப்புத் திரையில் ‘பூட்ரெக்’, ஒரு இடைவெளி, சாய்கோடு, ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்று அடித்தால் எம்பிஆர் டிஸ்க்கில் சரியாகிவிடும். யூஇஎஃப்ஐ என்றால் பயாஸில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ஐ முதலிடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

விண்டோஸ் 11 வேண்டாம். அது 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் கேட்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ரேமை 4 ஜிபியாக்கி லினக்ஸ் மின்ட்டின் இலகுவான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் வரும். ரேம் வாங்கும் முன் பழைய ரேமின் ஸ்டிக்கரைப் படியுங்கள். பிசி3எல் (குறைந்த மின்னழுத்த ரேம்) என்று இருந்தால் அதையே கேளுங்கள், 1.35 வோல்ட் மட்டும் ஏற்கிற போர்டில் சாதாரண பிசி3 ஓடாது.

கேள்வி: மின்ட் போட்டேன், வைஃபையே தெரியவில்லை.

பதில்: பிராட்காம் கம்பெனியின் வைஃபை கார்டாக இருக்கும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் நெட் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது பரிந்துரைப்பதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: அடியில் இருந்த விண்டோஸ் ஸ்டிக்கர் அழிந்துவிட்டது. ஆக்டிவேஷன் ஆகுமா?

பதில்: விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையதோடு வந்த லேப்டாப் என்றால் கீ பெரும்பாலும் பயாஸிலேயே இருக்கும், அதே பதிப்பைப் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் என்றால் ஸ்டிக்கர்தான் ஆதாரம். கம்பெனியே போட்டுத் தந்த விண்டோஸ் 7-இலிருந்து எடுக்கிற கீ பெரும்பாலும் பொதுவான கீ, ஸ்டிக்கரில் இருந்த கீ அல்ல, அதை நம்பி ஃபார்மட் செய்யாதீர்கள்.

கேள்வி: மின்ட்டில் தமிழ்99 கிடைக்குமா? அப்பா அதில்தான் தட்டச்சு செய்வார்.

பதில்: கிடைக்கும். கீபோர்டு அமைப்பில் நேரடியாகவே ஒரு தமிழ்99 இருக்கிறது, ஆனால் தானாகப் புள்ளி வைக்கிற வசதிக்கு ஐபஸ் (லினக்ஸில் தட்டச்சு முறையைக் கவனிக்கிற செயலி) வழியாக எம்17என் என்ற பல மொழித் தட்டச்சுத் தொகுப்பைப் போடுங்கள். அப்பாவின் கை பழகியபடியே வரும்.