யூடியூபில் அமெரிக்கர்கள் பிடிக்கும் சன்ஃபிஷ் நம்ம மதுரைக் கண்மாய்களில் கிடைக்குமா?

கிடைக்காது. அது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். கடலில் வட்ட உடம்போடு மிதக்கும் ராட்சத சன்ஃபிஷ் வேறு இனம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீடியோக்களில் அதிகம் வருவது ‘புளூகில்’ (bluegill) என்ற சன்ஃபிஷ் வகை. உள்ளங்கை அகலத்தில் தட்டையான உடம்பு, சின்ன வாய், செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. குளம், ஏரி, மெதுவாக ஓடும் ஆறு என்று பாசி படர்ந்த கரையோரங்களில்தான் இருக்கும். தண்ணீர் சூடேறும் பருவத்தில் ஆண் மீன் வாலால் தரையைத் துடைத்துக் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுப் போனபின் ஆணே காவல் நிற்கும். அந்த நேரத்தில் முன்னால் எது வந்தாலும் பாயும், அதனால் சுலபமாக மாட்டும். சின்னத் தூண்டில் முள், தக்கை, ஒரு துண்டு மண்புழு இருந்தால் சிறுவனும் பிடித்துவிடலாம். மாட்டியதும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இழுப்பதால், கையில் அளவை மீறிய கனம் தெரியும். தூண்டில் போடுவதன் ருசி அதுதான். உலகச் சாதனையே 1950இல் அலபாமாவில் கிடைத்த சுமார் 2.15 கிலோ மீன்தான்!

இங்கே கொண்டுவந்து விடலாமே என்று யோசிக்காதீர்கள். 1960இல் ஜப்பானுக்குப் போன புளூகில் அங்குள்ள ஏரி மீன்களுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது.

நமக்கு அதே சுகம் ஜிலேபிக் கெண்டையில் உண்டு. சரியாகச் சொன்னால் அதுவும் வந்தேறிதான், ஆப்பிரிக்க இனம், 1952இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் ஆணும் குழி பறிக்கும், ஆனால் முட்டையை வாயில் அடைகாப்பது பெண். மண்புழுவுக்கும் மைதா உருண்டைக்கும் நன்றாகக் கடிக்கும். கண்மாய் குத்தகையில் இருந்தால் முதலில் குத்தகைதாரரைக் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள்.